வண்டியில இருக்கியா? அப்போ வெச்சிடு!

சாயங்காலம் காலேஜ் விட்டதும் பொத்தேரியில இருந்து மறைமலைநகர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பாருங்க. ஹெல்மெட்டுக்குள்ள செல்போனைச் செருகிக்கிட்டுப் பறக்கிற நம்ம பசங்க எத்தனை பேர்!

சட்டம் சும்மா இல்லை. போன் பேசிக்கிட்டே ஓட்டினா லைசென்ஸைக் குறைஞ்சது 3 மாசம் சஸ்பெண்ட் பண்ணணும்னு 2015-லேயே சுப்ரீம் கோர்ட் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு சொல்லிடுச்சு. 2022 அக்டோபர்ல தமிழ்நாட்டில் அபராதமும் ஏறிச்சு. முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினா 10,000.

ஆனா, போலீஸ் நிக்கிறது சிக்னல்லதான். 60 கி.மீ. வேகத்துல 3 செகண்ட் மெசேஜ் படிச்சா, 50 மீட்டர் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டின மாதிரி. அந்த 50 மீட்டர்ல யாரோட அம்மா ரோட்டைக் கடக்கிறாங்களோ?

அங்கே தடுக்க முடிஞ்ச ஒரே ஆள், போன் பண்ற நீங்கதான். ஃப்ரெண்டு எடுத்ததும் "வண்டியில இருக்கியா?"ன்னு கேளுங்க. ஆமான்னா உடனே கட் பண்ணுங்க. கோவிச்சுக்குவானா? வீடு போய்ச் சேர்ந்து கோவிச்சுக்கட்டும்!