பட்டை கூடினால் பாரம் ஏற்றலாமா?

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். தீப்பெட்டிப் பண்டல், அச்சகங்களுக்கான காகிதக் கட்டு எனப் பாதி ஊர்ப் பிழைப்பு பிக்கப் வண்டிகளின் முதுகில்தான் போகிறது.

அமெரிக்காவில் பிக்கப்பை உயர்த்துவது பெரும்பாலும் மண்பாதைக்கும் பந்தாவுக்கும். இங்கே காரணம் பாரம். காகிதம் நல்ல கனம். ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும். “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு பட்டை சேர்த்துப் போடுங்க” என்பது பட்டறைகளில் பழகிப்போன பேச்சு. ஸ்பிரிங்கில் பட்டை கூடும், டயரும் பெரிதாகும், வண்டி நிமிர்ந்து நிற்கும்.

ஆனால் பிரேக்கும் ஆக்ஸிலும் சேஸிஸும் பழையவைதானே? பாரம் கூடினால் வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். உயரம் கூடினால் வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். வெறும் வண்டியாகத் திரும்பும்போது பள்ளத்துக்குப் பள்ளம் குதிக்கும்.

பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. அதிக பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

அபராதத்தைக் கட்டிவிடலாம். முன்னால் பட்டாசு லாரியும் பின்னால் ஆலைத் தொழிலாளர் வேனும் வருகிற சாலை இது. பட்டை கேட்கும் முன் ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை கிலோ என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.