வானிலிருந்து விழுந்த மீன்கள்

1861ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சிங்கப்பூரில் நிலம் அதிர்ந்தது. சில நாள்களில் பெருமழை கொட்டிற்று. மழை ஓய்ந்தபின் மலாய் மக்களும் சீனரும் தேங்கிய நீரிலிருந்து கூடை கூடையாய் மீன் அள்ளுவதைக் காஸ்டெல்னோ என்னும் பிரெஞ்சு இயற்கை அறிஞர் கண்டார். எங்கிருந்து வந்தவை என வினவினார். "வானிலிருந்து விழுந்தவை" என்றனர் அவர்கள். அவரும் ஏற்றுக்கொண்டு, நீர்ச்சுழற்காற்று ஏதேனும் ஓர் ஆற்றிலிருந்து வாரி வந்திருக்கலாம் எனப் பாரிஸ் அறிவியற் கழகத்திற்கு எழுதினார்.

அம்மீன்களோ, நம்மவர் தேளி என்றழைக்கும் வகையின. அவை காற்றையும் சுவாசிக்கும். துடுப்பின் முள்ளை ஊன்றி ஈரத்தரையில் ஊர்ந்தும் செல்லும். காஸ்டெல்னோ கண்டது தரையிற் கிடந்த மீன்களை. அவை விழுந்த செய்தி அவர் செவியுற்றது.

இதனால் மீன்மழை எல்லாமே கட்டுக்கதை என்று தள்ளிவிடுவதும் முறையன்று. 1947ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் காலை, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து மார்க்ஸ்வில் நகரத் தெருக்களில் மீன்கள் விழுந்தன. அங்கிருந்த உயிரியல் அறிஞர் பாய்கோவ் அவற்றைத் திரட்டி ஆராய்ந்தார். வழியே சென்ற சிலர்மீது மீன்கள் வந்து விழுந்ததையும் 1949இல் பதிவு செய்தார்.

நம் மாணவன் ஒருவன் ஒருநாள் கண்கலங்கி நின்றான். அவன் பாட்டனார் இளமையில் மீன்மழை பெய்ததென்று சொல்வாராம். அதை அவன் பள்ளியில் கூற, வகுப்பே நகைத்ததாம். "எங்கள் பாட்டனார் பொய்யரா, ஹஜ்ரத்?" என்றான்.

ஹதீஸ் கலையில் நாம் பயிலும் முதற்பாடமே, சொன்னவர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்று வினவுவதன்றோ? அவ்வினா எவரையும் இழிவுபடுத்துவதற்கன்று. அவரவர் சொல்லுக்கு உரிய இடத்தைத் தருவதற்கே. "மீன் விழக் கண்டீர்களா, கிடக்கக் கண்டீர்களா என்று அதபுடன் கேட்டு வா" என்றோம்.

மறுநாள் வந்தான். பெரியவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "கிடக்கத்தான் கண்டேன், விழுந்ததென்று என் வாப்பா சொன்னார்கள்" என்றாராம். சொல்லும்போது அவன் முகத்தில் வாட்டமில்லை. பாட்டனார் பொய்யரல்லர் என்பதோடு, உண்மையை அளந்து சொல்பவர் என்பதையும் அவன் அறிந்துகொண்டிருந்தான்.