கட்டங்களுக்குள் ஒரு மீன்கொத்தி

ஐம்பது அகவையைக் கடந்த ஒருவர் புதிதாக ஒரு கலையைக் கற்கப் புகுந்தால், இளைஞர் புன்முறுவல் பூப்பது இயல்பே. பறவைகளைப் பற்றி ஓய்வு வேளையில் நான் எழுதிவரும் சிறிய இணையதளத்திற்குப் படங்களையும் நானே வரையப்போவதாகச் சொன்னபோது, பாடகர் குழுவைச் சார்ந்த தம்பி ஒருவர், "எதற்குச் சாமி இந்தச் சிரமம்? நாலு சொல் தட்டினால் கணிப்பொறியே வரைந்து தருமே!" என்றார். நியாயமான வினாதான்.

இதில் எனக்குத் துணிவு தந்தது ஓர் அமெரிக்கப் பெண்மணியின் வரலாறு. 1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியின் திரையில் குப்பைத்தொட்டி முதலான சிற்றுருவங்களை வரைந்தவர் சூசன் கேர். அவர் கலையில் முனைவர் பட்டம் பெற்றவரேயன்றிக் கணிப்பொறி ஓவியத்தில் முன்பயிற்சி உடையவர் அல்லர். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். நீளவாட்டில் 32, அகலவாட்டில் 32, ஆக 1,024 கட்டங்கள். சிலவற்றைக் கறுப்பாக்கி, மற்றவற்றை வெறுமையாக விட்டார், உருவம் பிறந்தது. வண்ணக்கல் பதிக்கும் கலைக்கும் ஊசித் தையலுக்கும் இது நெருங்கிய உறவு என்று அவர் கண்டார். கன்னியர் பள்ளியில் கிராஸ் ஸ்டிச் பயின்ற நம் தாய்மார்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? பீடத்துணியின் ஓரத்தில் இழைகளை எண்ணி எண்ணி ரோஜாவை மலரச் செய்தவர்கள் அல்லவா அவர்கள்!

நானும் கணக்கு நோட்டிலேயே தொடங்கினேன். முதலில் வெண்மார்பு மீன்கொத்தி. சிவந்த அலகு, பழுப்புத் தலை, நீலச் சிறகு எல்லாம் எளிதில் அமைந்தன. கால் வந்தது, பென்சில் நின்றது. முன்னே எத்தனை விரல், பின்னே எத்தனை? இளமை முதல் குளக்கரையில் கண்டு பழகிய பறவைதான். ஆயினும் அதன் காலை நான் ஒருநாளும் உற்று நோக்கியதில்லை. தொலைநோக்கியோடு மூன்று காலைப்பொழுதுகள் காத்திருந்தேன். முன்னே மூன்று, பின்னே ஒன்று. முன்விரல்கள் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் என்பதைப் பறவை நூல் ஒன்றிலிருந்து அறிந்தேன். கணிப்பொறி நொடியில் ஒரு படத்தைத் தந்திருக்கும். ஆனால் இந்த வினாவை என்னுள் எழுப்பியிராது. தம்பிக்கு நான் சொன்ன விடை இதுவே. அவர் முழுவதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

நோட்டுப் படத்தைக் கணிப்பொறியில் ஏற்றக் 'கிம்ப்' என்னும் மென்பொருள் போதும். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கி, 1996-இல் பொதுமக்களுக்கு வெளியிட்டது, காசின்றிக் கிடைக்கிறது. ஒன்று மட்டும் கருத்தில் இருக்கட்டும். புகைப்படத்திற்கு ஏற்ற 'ஜேபெக்' வடிவம் கோட்டோவியத்தின் விளிம்புகளைக் கலங்கச் செய்யும். 1987-இல் வந்த 'ஜிஃப்' 256 வண்ணங்களோடு நின்றுவிடும். 'பிஎன்ஜி' ஒரு கட்டத்தையும் சிதைக்காது. சில வண்ணங்களே உள்ள படமானால் கோப்பும் சிறிதாகவே அமையும். அலைவரிசை மெலிந்த ஊரிலும் கைப்பேசியில் விரைந்து திறக்கும்.

பிறர் எடுத்த புகைப்படத்தைக் கேளாமல் எடுத்து ஒட்டிக்கொள்வோரும் உளர். அவர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.

இப்போது கொண்டலாத்தியைத் தொடங்கியிருக்கிறேன். விரித்த கொண்டையின் ஒவ்வோர் இறகு நுனியிலும் கறுப்பு வரவேண்டும். 32 கட்டங்கள் போதவில்லை. 64-க்கு வேறு நோட்டு வாங்கியாயிற்று.