ஓடும் வீட்டின் ஒயரிங்

மதுரையில் எட்டு வருடம் வீட்டு ஒயரிங் செய்துவிட்டுத்தான் கனடா வந்தேன். ஒன்ராறியோவில் எனக்கு வேலை கிடைத்தது டிரெய்லர் வீடுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். வண்டிக்குப் பின்னால் பூட்டி ஏரிக்கரைக்கு இழுத்துப் போவார்கள். வேலை கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் வாரமே ஒரு டிரெய்லரின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்துத் திகைத்துப் போனேன். முறுக்கிய ஒயர்கள் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. கம்பெனி போட்ட இணைப்பு முழுவதையும் மாற்றிவிடலாமா என்று உரிமையாளரும் கேட்டிருந்தார். கட்டரை எடுத்துவிட்டேன்.

“தம்பி, பொறும். ஒண்டையும் வெட்டாதையும். முதல் அளந்து பாரும்.”

தண்ணீர் பம்பை ஓடவிட்டார். பேட்டரியில் 12.6 வோல்ட், பம்பில் 11.1. மீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொரு இணைப்புக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைக்கச் சொன்னார். நல்ல இணைப்பில் முள் அசைவதே அரிது. ஒன்றில் மட்டும் 0.9 வோல்ட் காட்டியது. தொட்டால் சுட்டது. பம்ப் ஓடாதபோது அளந்திருந்தால் அதுவும் நல்ல இணைப்பாகவே தெரிந்திருக்கும்.

12 வோல்ட்தானே என்ற அலட்சியம் அன்றோடு போயிற்று. 60 வாட் சாமானுக்கு நம் ஊர் 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடவேண்டும். ஷாக் அடிக்காது. ஆனால் தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடக் கூடச் சூடு பல மடங்கு ஏறும், தீயும் பிடிக்கும். போதாததற்கு இந்த வீடு ஒவ்வொரு பயணத்திலும் குலுங்குகிறது.

அடியில் படுத்தபோதுதான் உண்மையான ஆபத்தைக் கண்டேன். பிரேக் ஒயர்களில், ஒயரை வெட்டாமல் அழுத்திப் பூட்டும் கிளிப்புகள். உள்ளே ஒரு சின்னத் தகடு உறையைக் கிழித்துச் செம்பைத் தொடும், அவ்வளவுதான் பிடிப்பு. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அது தெறித்துத் தெறித்துச் செம்பு பச்சை பூத்திருந்தது. காந்த பிரேக் சக்கரத்துக்குச் சுமார் 3 ஆம்பியர் கேட்கும். அது குறைந்தால் பிடிக்கும் வலுவும் குறையும். குடும்பத்தோடு இறக்கத்தில் இறங்கும்போதுதான் அது தெரியவரும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

நான் சால்டர் வைத்த முதல் இணைப்பை அண்ணன் வெட்டிப் போட்டார். ஈயம் செம்பு இழைகளுக்குள் ஊறி ஒயரை விறைக்கவைக்கும். அந்த விறைப்பு முடிகிற இடத்தில், குலுக்கலில் ஒடியும். அதற்குப் பதில் அளவுக்கேற்ற லக், ராட்செட் கிரிம்பிங் கருவி, சூடு காட்டினால் பசையோடு சுருங்கி ஒட்டும் உறை. பிறகு பலமாக ஓர் இழுப்பு. கையோடு வந்தால் மறுபடியும் போடவேண்டும். எனக்கு மூன்று வந்தன.

அந்த டிரெய்லரில் மாற்றியவை பதினொன்று: நான்கு சக்கரங்களில் எட்டு, பேட்டரி முனையில் இரண்டு, அந்தப் பம்ப் இணைப்பு. வெளி மின்சாரத்தைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிட்டு, சர்க்யூட் பிரேக்கர் பெட்டியின் திருகுகளை முறுக்கினோம், சில தளர்ந்திருந்தன. மற்றவை கம்பெனி போட்டபடியே இருக்கின்றன. நன்றாக இருப்பதை வெட்டினால் ஒயர் குட்டையாகும், புதுத் தவறுக்கும் இடம் கொடுக்கும்.

உங்களிடம் இப்படி ஒரு வீடு இருந்து, ஒரே ஒரு நாள்தான் நேரம் கிடைத்தது என்றால், விளக்குகளை விட்டுவிடுங்கள். முதலில் அடியில் படுத்து பிரேக் ஒயர்களைப் பாருங்கள்.