ஒழுகற புல்லட்டும் நான் பூசின பேஸ்ட்டும்

1/ இன்னிக்கு மருந்து, மாத்திரை பத்தி இல்ல. பழைய பைக் எஞ்சின்ல ஆயில் ஒழுகினா என்ன செய்யணும்னு ஒரு டாக்டர் சொல்லப் போறேன். சிரிக்காதீங்க, கடைசியில என் தொழிலுக்கே வந்து சேரும். இழை கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

2/ வண்டி எங்க அப்பாவோட புல்லட் 350. 80-களில் வாங்கினது. 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோட கூட்டு சேர்ந்து சென்னையில ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல தயாரான அந்த இரும்பு சிலிண்டர் வம்சம். 346 சிசி. அப்பா போன பிறகு என்கிட்ட வந்தது. கடலூர் சிப்காட் பக்கம் என் கிளினிக். சிதம்பரம் ரோட்டுல தினமும் அதுலதான் போவேன்.

3/ நிறுத்தின இடமெல்லாம் கறை. கிளினிக் வாசல்ல அட்டைப்பெட்டிய விரிச்சு அது மேலதான் நிறுத்துவேன். "புல்லட்னா ஒழுகத்தான் சார் செய்யும்"னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். ஒரு நாள் குடிகாடு பக்கம் திரும்பும்போது பின் டயர் வழுக்கிடுச்சு. டயர்ல ஆயில். பின்னாடி என் பொண்ணு. முட்டியில சிராய்ப்போட போச்சு. பின்னால வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால இந்த இழைய எழுதறேன்.

4/ அந்த ஞாயித்துக்கிழமை நானே ஸ்பேனர் எடுத்தேன். எல்லா போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். மூடி ஓரமெல்லாம் கேஸ்கெட் பேஸ்ட்டை அப்பினேன். டயர் பக்கம் ஒரு ரப்பர் குழாய் நுனி சொட்டிட்டு இருந்தது. அதை மடிச்சு கம்பி போட்டுக் கட்டிட்டேன். ரெண்டு நாள் ஒரு சொட்டு இல்ல. மூணாவது நாள், முன்னாடி ஒழுகாத நாலு இடத்துல ஒழுகுச்சு.

5/ சிப்காட்டுக்குள்ள பல வருஷம் கான்ட்ராக்ட் ஃபிட்டரா இருந்த ஒரு அண்ணன், ரோட்டோரம் ஷெட் போட்டிருக்கார். என் பேஷன்ட்தான். கம்பியப் பார்த்ததும் தலையில அடிச்சுக்கிட்டார். "இன்னா டாக்டர் சார், வண்டி மூச்சு விடற குழாய் இது. மூக்கைக் கட்டிட்டா அது எந்த வழியா மூச்சு விடும்?"

6/ கணக்கு எளிது. பிஸ்டன் கீழ இறங்கும்போது அடியில இருக்கிற காத்தை அழுத்தும். 346 சிசி, நிமிஷத்துக்கு 3000 சுத்துன்னா, நொடிக்கு 50 தடவை. அந்த அழுத்தம் வெளிய போகத்தான் பிரீதர் குழாய். அதுல வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு: காத்தை வெளிய விடும், உள்ள விடாது. நம்ம இதய வால்வு மாதிரி ஒருவழிப் பாதை. ரப்பர் கெட்டியாகிட்டாலோ குழாய் அடைச்சிட்டாலோ, அழுத்தம் ஒவ்வொரு பேக்கிங் வழியாவும் ஆயிலத் தள்ளும். ரிங் தேஞ்சிருந்தாலும் இதே கதை. அழுத்தம் குறையாம எத்தனை பேஸ்ட் பூசினாலும் நிக்காது.

7/ அடுத்தது, எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கணும். சொட்டற இடம் வேற, ஒழுகற இடம் வேற. ஆயில் கீழ வழியும், காத்துல பின்னால போகும். அதனால எஞ்சினை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, நல்லா காயவிட்டு, முகப்பவுடரைத் தூவுங்க. அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாருங்க. ஈரமான இடங்கள்ல எது எல்லாத்துக்கும் மேல இருக்கோ, அங்கிருந்து ஆரம்பிங்க. ஆபரேஷன் தியேட்டர்லயும் முதல்ல ரத்தத்தைத் துடைச்சிட்டுத்தான் எந்தக் குழாய்னு தேடுவோம்.

8/ அண்ணன் வால்வை மாத்தி, குழாய் நுனிய டயருக்கு எட்டாம ஒரு சின்ன பாட்டில்ல விட்டார். புது ஒழுகல் நாலும் நின்னுடுச்சு. இடது பக்க செயின் கவர் மட்டும் பாக்கி. அந்தக் காலத்து புல்லட்ல அந்தக் கவரை நடுவுல ஒரே ஒரு நட்டுதான் பிடிக்கும். ஒழுகுதேன்னு அதை இறுக்க இறுக்க கவர் வளையும், இன்னும் ஒழுகும். நான் செஞ்சது அதேதான். கண்ணாடி மேல எமரி ஷீட் வச்சு கவர் விளிம்பைத் தேச்சு சமமாக்கி, புது ரப்பர் சீல் போட்டு, அளவா இறுக்கினார்.

9/ இன்னும் ரெண்டு. வண்டி ரொம்ப நாள் நின்னா, டேங்க்ல இருக்கிற ஆயில் கிரேங்க் பக்கம் இறங்கிடும். அளவு குச்சி குறைவாக் காட்டும், உடனே நிறைய ஊத்திடுவோம், அதுவும் ஒழுகும். கொஞ்சம் ஓட்டிட்டு அளவு பாருங்க. அப்புறம், பழைய பேக்கிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காஞ்சபடி சுரண்டாதீங்க, ஊதாதீங்க. ஆயில் தடவி ஈரமாக்கி எடுங்க.

10/ இப்ப என் தப்புக்கு வர்றேன். அவர் கவரைத் தேய்க்கும்போது கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, சில இடத்துல ரத்தம். ரெண்டு வருஷமா எங்கிட்ட காட்டற கைதான். ஒவ்வொரு தடவையும் ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட் எழுதித் தந்தேன். ஒரு வாரம் ஆறும், திரும்ப வரும். அப்புறம் என் பழைய சீட்டைக் காட்டி அவரே வாங்கிப் பூசிட்டு இருந்திருக்கார். தோல் மெலிஞ்சு காகிதம் மாதிரி ஆகியிருந்தது.

11/ "ஸ்பேனர் பிடிக்க முடியல சார். ஷெட்டை மூடிடலாமான்னு இருக்கு"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு சிரிச்சுக்கிட்டே, "எனக்கும் நீங்க பேஸ்ட்தானே சார் பூசிட்டு இருக்கீங்க?" என்னால சிரிக்க முடியல. என்ன வேலை செய்யறீங்கன்னு கேட்டிருந்தேன். வேலை முடிஞ்சதும் கையை எதுல கழுவறீங்கன்னு ஒரு தடவைகூட கேட்டதில்ல.

12/ பெட்ரோல்ல கழுவறார். மிச்சத்துக்கு சோப்பு பவுடர். ஆயில் துணிய நாள் முழுக்க இடுப்புல செருகிக்கிறார். பெட்ரோல் தோலோட எண்ணெய்ப் பசைய உருவிடும், அதுல பென்சீனும் இருக்கு. பழைய எஞ்சின் ஆயில்ல புற்றுநோய் உண்டாக்கற பொருட்கள் சேரும். இங்கிலாந்துப் பஞ்சாலைகள்ல மிஷின் எண்ணெயில நனைஞ்ச உடுப்போட வேலை செஞ்சவங்களுக்கு விதைப்பையில தோல் புற்று வர்றதை 1922-லேயே மான்செஸ்டர் டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க. நான் படிச்சதுதான். ஷெட்டுல உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

13/ மாத்தினது இவ்வளவுதான்: பெட்ரோல் கூடாது. முதல்ல தேங்காய் எண்ணெய் தேச்சு துணியால துடைக்கணும், அப்புறம் சாதா சோப்பு. ராத்திரி வாசலின். ஆயில் வேலைக்கு நைட்ரைல் கையுறை, ஆனா சுத்தற செயின், மிஷின் பக்கம் போட வேணாம். துணி இடுப்புல இல்ல, ஆணியில. ஆயின்ட்மென்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சோம். மூணு மாசத்துல வெடிப்பு மூடிடுச்சு. மெலிஞ்ச தோல் இன்னும் முழுசா தேறல. அது என் கணக்குல.

14/ மெக்கானிக் நண்பர்களே, கையிலோ தொடை இடுக்குலயோ ஆறாத புண்ணு, புதுசா மரு இருந்தா கூச்சப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க. வடிச்ச ஆயிலை வாய்க்கால்ல ஊத்தாதீங்க, அது உப்பனாறுக்குத்தான் போகும். டாக்டர் நண்பர்களே, ஒரே வியாதி மூணாவது தடவை திரும்பி வந்தா, மருந்து எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர் வேலை செய்யற இடத்தைப் போய்ப் பாருங்க.

15/ கிளினிக் வாசல்ல இப்ப அட்டைப்பெட்டி இல்ல. பாட்டில்ல மட்டும் மாசம் ஒரு ஸ்பூன் ஆயில் சேருது. பொண்ணு மறுபடி பின்னால உட்கார ஆரம்பிச்சிருக்கா. அண்ணன் ஷெட் திறந்துதான் இருக்கு.