மதிலுக்கு வெளியே நின்ற மாமா

எங்கள் ஆச்சி செத்தது 2011 ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன். இலத்தூர்ப் பக்கமெல்லாம் விடாத சாரல். அம்மாவைப் பெற்ற ஆச்சி அவள். ஞானஸ்நானப் பெயர் எஸ்தர். ரேஷன் கார்டில் இசக்கியம்மாள். தெருவில் மணிக்காரி. கோயில் மணியைத் தாத்தா அடித்தார். அவருக்குப் பின் கயிறு ஆச்சி கைக்கு வந்தது. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. அறுப்பின் பண்டிகை ஏலம் முடிந்ததும் விலைபோகாத பூசணிக்காயோ நாலு தேங்காயோ கொடுப்பார்கள்.

கோயில் என்றதும் கோபுரத்தை நினைத்துவிட வேண்டாம். ஓடு போட்ட ஒற்றைக் கட்டடம், வாசலில் ரெண்டு தூண், நடுவில் தொங்குகிற மணி. சேகரத்தின் பெரிய கோயில் வேறு ஊரில், வேறு சாதிக்காரர் தெருவில் இருந்தது. ஐயர் அங்கேதான் இருப்பார். (திருநெல்வேலிச் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். சாதியை விட்டு வந்த சனம் குருவுக்கு வைத்த பேரைப் பாருங்கள்.) மாதம் ஒருதரம் இராப்போஜனம் கொடுக்க வருவார். மற்ற ஞாயிறெல்லாம் உபதேசியார்தான்.

பெரிய கோயில் அசனத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் கைப்பிடி அரிசி கொண்டுபோவார்கள். உலை வைக்குமுன் தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டுச் சேர்த்தது. எங்கள் அரிசியும் அதே அண்டாவில்தான் வேகும். பந்தியில் மட்டும் நாங்கள் கடைசி. "தள்ளி உக்காரு" என்று யாரும் சொன்னதில்லை. எங்கே உட்காருவதென்று எங்களுக்கே தெரியும். ஆச்சியிடம் கேட்டால், "நம்ம அரிசியத் திங்காவளா இல்லியா? பெறகென்னல" என்பாள்.

சபை வரலாறு எழுதுகிறவர்கள் 1785இல் குளோரிந்தாள் பாளையங்கோட்டையில் கட்டிய கோயிலில் தொடங்குவார்கள். 1820இல் வந்த இரேனியஸ் ஐயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். இருக்கட்டும், குறை சொல்லவில்லை. துன்பப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைக்க 1830இல் தர்ம சங்கம் வைத்தவர் அவர். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதமே எழுதினார். 1947இல் ஆங்கிலிக்கன் சபையும் வேறு சில சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயிற்று. வெள்ளைக்காரன் போனான், சபையின் பேர் மாறியது. எங்கள் பந்தி வரிசை மாறவில்லை.

மாமா கதைக்கு வருகிறேன். அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் ஒருத்தர், "சாமுவேல்னு போட்டா பையனுக்கு ஒண்ணும் கெடைக்காதும்மா" என்று மாடசாமி என்று எழுதினாராம். (இந்த ரெண்டுமே மாமாவின் உண்மைப் பெயர் அல்ல.) அந்த வாத்தியாருக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவன் அட்டவணைச் சாதியாக முடியாது என்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறை ஆனாலும் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்தான். 1981இல் தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நம் சனம் இஸ்லாத்துக்குப் போனபோது தேசமே பதறியது. நூறு வருசத்துக்கு மேலாகச் சபைக்குள்ளே கடைசிப் பந்தியில் இருந்தவனைப் பற்றி எவன் பதறினான்? 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இதற்கெல்லாம் முன்னாலேயே ஆச்சி செத்துவிட்டாள்.

மாமாவுக்கு அரசாங்க உத்தியோகம். அதற்கு முந்தின வருசம்தான் யாரோ அவர் கிறிஸ்தவன் என்று மொட்டைக் கடுதாசி போட்டிருந்தான். அடக்கத்தன்றைக்குக் கையில் செல்போன் வைத்திருந்தவனெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பெற்ற தாயின் பெட்டி கோயிலுக்குள் இருக்க, ஒரே மகன் மதிலுக்கு வெளியே குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார். மணியடிக்கவும் ஆளில்லை. அடிக்கிறவள்தானே பெட்டிக்குள் கிடந்தாள். நான்தான் அடித்தேன்.

ராத்திரி டார்ச் லைட்டோடு வந்து கல்லறைத் தோட்டத்தில் நின்றார். நான் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். இயக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்தேன். "இப்பிடி ஒரு வேல வேணுமா மாமா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீ பேசுவல. ஒனக்கு எந்தச் சம்பளத்துல பீஸ் கட்டுதேன்?"

எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து, "துக்க மணிய விட்டு விட்டுல்லா அடிக்கணும். ஏன் அவ்ளோ வேகமா அடிச்ச?" என்றார்.

வருசம் திரும்பியதும் கல்லறை கட்டினோம். "எம் பேரு போட்ராதீக" என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா சண்டை போடவில்லை. பெயர் கொத்துகிறவரிடம், மகள்கள் பெயருக்கு மேலே ஒரு வரிக்கு இடம் விடச் சொன்னாள். மாமா 2019இல் ரிட்டையர் ஆகிவிட்டார். பென்சன் இருக்கிறதே, அந்தப் பயம் போகவில்லை. அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.