சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே

அரூரில் பஸ் ஏறி, "சிட்லிங்கிக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கா?" என்பார். நீங்கள் கருங்கல் தூண் மாதிரி திடகாத்திரமாக இருந்தாலும் கேட்பார். வெளியூர்க்காரருக்கு அந்தப் பக்கம் வேறு என்ன ஜோலி இருக்க முடியும் என்பது அவருடைய கட்சி!

தீர்த்தமலையைத் தாண்டி, கோட்டப்பட்டியையும் கடந்துவிட்டால் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிடும். கிழக்கே கல்வராயன், மேற்கே சித்தேரி. நடுவில் உள்ளங்கை போலக் கிடக்கிறது பள்ளத்தாக்கு. ராகி, சாமை, மஞ்சள், அங்கங்கே ஓட்டு வீடுகள், வேலி ஓரம் ஆடுகள். காற்றை இரண்டு முறை இழுத்து மூச்சு விட்டாலே, இங்கே வியாதி என்று ஒன்று வருமா என்று தோன்றும். அப்படித் தோன்றுவதை நம்பிவிடாதீர்கள்.

இங்கே வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மலையாள பாஷைக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்வதால் மலையாளி. பேசுவது நம் தமிழ்தான். முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று கதை சொல்வார்கள். லம்பாடிகளின் குடியிருப்புகளும் உண்டு.

முப்பது வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், 147 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணாமலே போயின. இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் படியுங்கள். ஏழு தொட்டில் ஆடினால் அதில் ஒன்று வெறுமையாகிவிடும் என்று அர்த்தம். ஆஸ்பத்திரி என்றால் 48 கிலோமீட்டர் தள்ளி அரூரில். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க வேண்டுமென்றால் சேலமோ தர்மபுரியோ போக வேண்டும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பிரசவ வலி பஸ் நேரம் பார்த்தா வருகிறது?

1993-ல் இங்கே இரண்டு டாக்டர்கள் வந்து சேர்ந்தார்கள். புருஷன் ரெஜி ஜார்ஜ், மயக்க மருந்து நிபுணர். மனைவி லலிதா, பிரசவ வைத்திய நிபுணர். இருவரும் கேரளத்தில் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். எங்கே டாக்டரே இல்லையோ அங்கே போவது என்று தேடிக்கொண்டு கிளம்பி, சிட்லிங்கியில் வந்து நின்றார்கள். மலையாளிகளுக்கு வைத்தியம் பார்க்கக் கேரளத்திலிருந்து ஆள் வந்தது ஒரு வேடிக்கைப் பொருத்தம்!

ஆஸ்பத்திரி என்று அவர்கள் ஆரம்பித்தது என்ன தெரியுமா? ஊர் ஜனங்கள் கட்டிக் கொடுத்த ஒரு கூரைக் குடிசை. ஒற்றை அறை. 100 வாட் பல்பு ஒன்று. ஒரு மர பெஞ்சு. பிரசவமும் சின்ன அறுவை சிகிச்சையும் அந்தப் பெஞ்சில்தான். இப்படி மூன்று வருஷம் ஓடிற்று. பிறகுதான் பத்துப் படுக்கைக் கட்டடம். இன்று முப்பதுக்கு மேற்பட்ட படுக்கைகளும், அறுவை சிகிச்சைக் கூடமும், பச்சைக் குழந்தைகளுக்குத் தனி இடமும், ஆம்புலன்ஸும் இருக்கின்றன.

ஆனால் எனக்குக் கட்டடத்தைவிட அதற்குள் நடமாடும் பெண்களைப் பற்றித்தான் சொல்ல ஆசை. பட்டணத்திலிருந்து நர்ஸ்கள் வருவார்களா, வந்தாலும் இருப்பார்களா? ஆகையால் டாக்டர்கள் பள்ளத்தாக்குப் பெண்களையே அழைத்து, பக்கத்தில் நிறுத்திக் கற்றுக் கொடுத்தார்கள். அதிகம் படிக்காத பெண்கள் நாளாவட்டத்தில் பிரசவம் பார்த்தார்கள், தையல் போட்டார்கள், அறுவை சிகிச்சையில் டாக்டருக்குக் கைகொடுத்தார்கள். வலியில் கத்தும் பெண்ணுக்குத் தலைமாட்டில் நிற்பவள் பக்கத்து ஊர் அக்காவாக இருந்தால் பாதி பயம் போய்விடாதா?

இன்னொரு படை ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிராமத்தார் பொறுக்கி அனுப்பிய வயதான பெண்கள். இவர்களுடைய வைத்தியத்துக்கு ஊசியும் இல்லை, மாத்திரை மூட்டையும் இல்லை. பச்சைக் குழந்தையைப் பிறந்த உடனே குளிப்பாட்டாமல் துணியில் சுற்றிக் கதகதப்பாக வைக்க வேண்டும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தவே கூடாது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொடுத்தால் உயிர் நிற்கும். இதை வெள்ளைக் கோட்டு டாக்டர் சொன்னால் மாமியார்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடியே செய்வார்கள். எதிர் வீட்டுப் பாட்டி சொன்னால் தட்ட முடியுமா? (மாமியார்களை வழிக்குக் கொண்டுவர இன்னொரு மாமியாரால்தான் முடியும் என்று கண்டுபிடித்தவருக்கு ஒரு மாலை போடலாம்.)

147 என்ற அந்தக் கணக்கு, பிறகு 20-க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வயலுக்கும் போனார்கள். ராகியையும் சாமையையும் விட்டு, உரமும் மருந்தும் கேட்கிற பணப்பயிர்களுக்கு மாறியவர்கள் கடனில் விழுந்தார்கள். அதை அடைக்க வாலிபர்கள் திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போனார்கள். வீட்டில் குழந்தையின் தட்டு மெலிந்தது. தட்டு மெலிந்த பிறகு டானிக் எழுதிக் கொடுத்து என்ன பயன்? பழைய தானியங்களை இயற்கை முறையில் விளைவிக்க முதலில் ஒரு சிலரே துணிந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் போனால், ஆஸ்பத்திரி வார்டுக்குள் வேடிக்கை பார்க்க நுழையாதீர்கள். அங்கே நோயாளிகள் இருக்கிறார்கள். லம்பாடிப் பெண்களின் தையல் வேலையைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு தலைமுறையாக மறந்துபோன பூவேலை அது. ஊசி பிடிக்கத் தெரிந்த ஓரிரு பாட்டிமார்தான் மிச்சம் இருந்தார்கள். அவர்களிடமிருந்து இளம் பெண்கள் கற்றுக்கொள்ள, 2006-ல் 'போர்கை' என்ற அமைப்பு பிறந்தது. லம்பாடி பாஷையில் போர்கை என்றால் பெருமை. சேலையும் பையும் தலையணை உறையுமாக எடுத்து விரிப்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒவ்வொரு தையலையும் எண்ணிப் பார்த்தால் உங்களுக்கே பேரம் பேச வாய் வராது.